வாலில்லாத எழுத்துகள்

ஆறு வருஷம் அவர் எழுதியதையெல்லாம்
நான்தான் வார்சாவுக்கு அடித்தேன்.
ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது.

ஸ்டெர்லிங் ரோட்டில் ஒரு மாடி.
தூதரகம் என்றால் பெரிய வார்த்தை:
போலந்தின் வாணிபப் பிரதிநிதி, ஒரு டிரைவர்,
ஒரு டெலக்ஸ், நான்.
வித்தோல்ட் கோர்ச்சிட்சா என்ற பெயரைத்
தபால்காரர் கோச்சடை சார் ஆக்கிவிட்டார்.
அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

கெய்ரோவில் மூன்று வருஷம், ஹனோயில் நாலு,
அங்கே குண்டு விழுந்த இரவுகளை
மழைக்கணக்கு சொல்வதுபோல் சொல்வார்.
அப்புறம் மெட்ராஸ்.
பெரியமேட்டுத் தோல் மண்டிகளில்
மூக்கைப் பொத்தாமல் நிற்கும் ஒரே வெள்ளைக்காரர்.
கட்டைவிரலால் தோலை மடக்கிப் பார்த்து
ராவுத்தர் சொன்ன விலையில்
சதுர அடிக்கு எட்டணா குறைப்பார்.
சோஷலிசம்னா எட்டணா போல, என்பார்
டிரைவர் மாசிலாமணி.

"எங்கள் எழுத்துக்கு வால் உண்டு, மிஸ் பத்மாசனி.
இந்த மெஷின் அறுத்துவிடுகிறது."
எங்கள் எழுத்து அதில் ஏறவே ஏறாது சார், என்றேன்.
சிரித்தார். அப்போது கரண்ட் போயிருந்தது.
இருட்டில்தான் சொன்னார்,
பதினோரு வயதில் செங்கல் பொறுக்கியதை.
ஊரே செங்கல்லாகக் கிடந்ததாம்.
கூடை நிறைந்தால் ஒரு கிண்ணம் சூப்,
ஊற்றியது கட்சி.
"அதன்பின் நான் எதையும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்."
விளக்கு வந்ததும் ஃபைலைத் திறந்துகொண்டார்.

சுவரில் தலைவர் படம்
எனக்குத் தெரிந்து இரண்டு முறை மாறியது.
ஆணி அதேதான்.

ஒருநாள் என் ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கி
சர்க்கரைக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வார்சாவில் அவர் மனைவியிடமும் ஒன்று இருந்ததாம்.

எண்பத்தொன்று, டிசம்பர், ஒரு திங்கட்கிழமை.
டெலக்ஸில் ஒரு சாவி உண்டு.
அழுத்தினால் எதிர்முனையை 'நீ யார்' என்று கேட்கும்.
எதிர்முனை தானாகத் தன் பேரைச் சொல்லும்,
ஆளில்லாத அறையிலிருந்தும் சொல்லும்.
அன்று வார்சா சொல்லவில்லை.
ரேடியோவில் ராணுவம், ஊரடங்கு என்றார்கள்.
என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார்.
நீ யார்.
நீ யார்.
கீழே இஸ்திரிக்காரர் கரி விசிறிக்கொண்டிருந்தார்.
நீ யார்.

பத்தாம் நாள் பேர் வந்தது.
உடனே ஒரு நீண்ட செய்தி கொடுத்தார்.
அடித்துக்கொண்டே போனவள் விரல் நின்றுவிட்டது:
பி ஏ டி எம் ஏ எஸ் ஏ என் ஐ.
அந்தக் காட்டில் எனக்குத் தெரிந்த ஒரே மரம்.
என் பேரை நானே அனுப்பினேன்.
நம்பலாம் என்றா, கூடாது என்றா,
இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றா.
பார்த்துக்கொள்வதிலேயே இரண்டு வகை உண்டே.

ஜனவரியில் எனக்கு இருபது ரூபாய் கூடியது.
பிப்ரவரியில் அவருக்கு விமானச் சீட்டு வந்தது,
ஒரு வழி.

மீனம்பாக்கத்தில்
காலில் பெரியமேட்டுத் தோல்,
கையில் ஐந்து கிலோ சர்க்கரை.
கஸ்டம்ஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்து
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
அதில் இரண்டு கிலோ என் கார்டில் வாங்கியது.
கைகொடுத்தார். கை ஈரமாயிருந்தது,
யாருடையது என்று தெரியவில்லை.

துளைபோட்ட அந்த மஞ்சள் நாடா
பீரோவில் இருக்கிறது. தடவினால்
இன்றைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன்.
இப்போது போனில் போட்டால்
அரை நொடியில் அர்த்தம் வந்துவிடுமாம்.
ஒரு மத்தியானம் போட்டேன்,
என் பேருக்கு முந்தின சொல்வரை.
தோல், கப்பல், தாமதம், மன்னிக்கவும்.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஆபீஸை மூடியபோது மெஷினைப்
புதுப்பேட்டைக்காரர் எடைக்குக் கேட்டார்.
"ஓடுமாம்மா?"
லைன் அறுந்த மெஷினில்
அந்தச் சாவியை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
ஓடும், என்றேன்.